கடைக்காணியும் முன்வீதியும்: வன்னியில் வர்த்தகக் கட்டடம் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் கட்டடப் படம் வரைவது என் தொழில். கடை, அரிசி ஆலை, கலியாண மண்டபம், எண்ணெய் நிலையம், கோடவுன் என்று வர்த்தகக் கட்டடம் போட வருகிறவர்கள் எல்லோரும் கட்டடத்தைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள், வாசலுக்கு முன்னால் இருக்கிற வீதியைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார்கள். பிரதேச சபை படத்தைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் உறுதிக்காணிக்குள் நான் கட்டுகிறேன். வீதிக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும்?

வீடு கட்டினால் ஒரு நாளைக்கு நாலு பேர் வந்து போவார்கள். கடை போட்டால் லொறி வரும், முச்சக்கரவண்டி நிற்கும், ஆட்கள் சைக்கிளை வீதியோரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வருவார்கள், கூரைத் தண்ணீரும் முற்றத் தண்ணீரும் வெளியே ஓடும். இவ்வளவையும் வாங்கிக்கொள்வது உங்கள் காணி இல்லை, முன்னால் உள்ள வீதி. அதனால் அந்த வீதிக்கு வரும் கூடுதல் பாரத்தில் ஒரு பங்கைக் கட்டுகிறவர் சுமக்க வேண்டும் என்பதுதான் விதிகளுக்குப் பின்னால் உள்ள எண்ணம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

வன்னியில் இந்தப் பங்கில் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றியது. மற்ற எல்லாவற்றையும் பிறகு சமாளிக்கலாம், தண்ணீரைப் பிழையாகக் கணக்குப் போட்டால் முதல் மாரியிலேயே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இதற்கென்று ஒரே சட்டம் இருக்கிறதா?

இல்லை, குழப்பம் எல்லாம் அதனால்தான். சில நாடுகளில் வர்த்தகக் காணியை அபிவிருத்தி செய்கிறவர் முன்வீதியில் இன்னின்னதைக் கட்டித்தர வேண்டும் என்று ஒரே விதியாக எழுதி வைத்திருப்பார்கள். இங்கே இலங்கையில் அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், அதன் கீழ் 1986இல் வந்து 2021இல் புதுப்பிக்கப்பட்ட திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம் ஆகியவைதான் முக்கியமானவை. நீங்கள் இவற்றைப் படித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் சபை ஒரு நிபந்தனை போட்டால் எந்த விதியின் கீழ் போடுகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

எந்த வீதிக்கு எந்தக் கந்தோருக்குப் போவது?

வீதியின் தரத்தைப் பார்த்துப் போங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. வவுனியாவிலிருந்து ஓமந்தை, மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று போகும் ஏ9, மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு போகும் ஏ35, மன்னார்–பூநகரி ஏ32 எல்லாம் அதற்குள் வரும். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. மிச்ச ஒழுங்கைகளும் உள்வீதிகளும் பிரதேச சபையுடையவை.

படத்தை எப்படியும் உங்கள் சபையிடம்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் காணி ஏ9க்கு முகம் பார்த்திருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கடிதம் இல்லாமல் சபை அதை முன்னுக்கு எடுக்காது. மூலைக்காணி என்றால், ஒரு பக்கம் ஏ9, மறுபக்கம் சபை ஒழுங்கை என்றால், இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டு மாதம் காத்திருந்தவர்கள் பலர்.

வீதிக்கோடு என்கிறார்கள், கட்டடக்கோடு என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. வருங்காலத்தில் வீதி எதுவரை அகலிக்கும் என்று குறித்து வைத்திருப்பது வீதிக்கோடு. அதற்கும் உள்ளே, இதற்கு அப்பால்தான் நிரந்தரக் கட்டடம் வரலாம் என்று சொல்வது கட்டடக்கோடு. ஏ, பி வீதிகளில் கட்டடக்கோடு பொதுவாக வீதியின் நடுக்கோட்டிலிருந்து 50 அடி, அதாவது ஏறக்குறைய 15 மீற்றர். உங்கள் துண்டுக்கு உரிய அளவை மட்டும் வாய்ப்பேச்சில் வாங்காதீர்கள், கடிதத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. நடுக்கோடு என்றதும் நாடாவை எடுத்துக்கொண்டு போய் வீதியில் கிடக்கும் வெள்ளைக்கோட்டிலிருந்து அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீதி அகலித்தபோது ஒரு பக்கம் கூடவும் மற்றப் பக்கம் குறையவும் போயிருந்தால் அந்த வெள்ளைக்கோடு சட்டப்படியான நடுக்கோடாக இருக்காது. சர்வேயரைக் கூட்டிவந்து பழைய அளவைப்படத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு முறை இப்படி அளந்ததில் இரண்டு அடி வித்தியாசம் வந்தது. அந்த இரண்டு அடிக்குள் முன்தூண் நாலும் இருந்தன, அத்திவாரம் வெட்டி முடிந்திருந்தது.

கோட்டுக்குள் போகிற நிலத்துக்குக் காசு கிடைக்குமா?

கோடு போட்டதால் மட்டும் நிலம் உங்கள் கையை விட்டுப் போகாது, கட்டத் தடை வருகிறது, அவ்வளவுதான். அரசு உண்மையாகவே வீதியை அகலிக்க நிலத்தை எடுத்தால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி எடுத்து நட்டஈடு தர வேண்டும். ஆனால் கோட்டுக்குள் மதிலோ தற்காலிகக் கொட்டிலோ போட அனுமதி கேட்டால், பிறகு உடைக்கும்போது நட்டஈடு கோரமாட்டேன் என்று உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். வாசித்துவிட்டுப் போடுங்கள். அந்த இடத்தில் விலை கூடிய மதில் கட்டாதீர்கள்.

காணி வாங்கும்போதே இதைக் கணக்கில் எடுப்பது நல்லது. 20 மீற்றர் முகப்புள்ள காணியில் ஒன்றரை மீற்றர் கோட்டுக்குள் போனால் 30 சதுரமீற்றர், ஒரு பேர்ச்சுக்கும் (ஏறத்தாழ 25 சதுரமீற்றர்) கூட.

கடைக்கு முன்னால் கான் (வடிகால்) ஓடுகிறது. அதை மூடி வாசல் போடலாமா?

போடலாம், அனுமதியோடு, உங்கள் செலவில், சரியான அளவில். கான் வீதிக்குச் சொந்தக்காரருடையது. அதன் மேல் சிலாப் போடுவதும் குழாய் பதித்து மண் நிரப்புவதும் அவர்களுடைய சொத்தைத் தொடுகிற வேலை. எழுத்தில் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 40 பேர்ச் காணி என்றால் ஏறத்தாழ ஆயிரம் சதுரமீற்றர். கூரையும் கொங்கிரீட் முற்றமும் போட்டு மூடிவிட்டால் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. கார்த்திகையில் ஒரு நாளைக்கு 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த ஒரு காணியிலிருந்து மட்டும் ஒரு இலட்சம் லீற்றர் தண்ணீர் வெளியே வரும். ஆறாயிரம் லீற்றர் பவுசர் பதினாறு, பதினேழு கொண்டுவந்து உங்கள் வாசலில் திறந்துவிட்ட மாதிரி. பக்கத்துக் கடையும், அதற்கு அடுத்த கடையும் அப்படித்தான். மேலே உள்ள எல்லோருடைய தண்ணீரும் உங்கள் வாசலுக்குக் கீழால்தான் போயாக வேண்டும்.

அப்படியிருக்க, ஒன்பது அங்குலக் குழாயை வைத்து மேலே கிரவலைக் கொட்டிச் சமப்படுத்திவிட்டுப் போகிறார்கள். 24 அங்குல ஹியூம் பைப்பின் (கொங்கிரீட் குழாயின்) வாய் ஒன்பது அங்குலக் குழாயின் வாயைப் போல ஏழு மடங்கு. காசு ஏழு மடங்கு இல்லை.

நான் படம் வரைந்துகொடுத்த ஒரு கட்டடத்திலேயே இது நடந்தது. படத்தில் திறந்த கானும் தூக்கக்கூடிய சிலாப்பும் என்றுதான் போட்டிருந்தேன். கட்டும்போது உரிமையாளர் மேசனிடம் சொல்லிச் சின்னக் குழாய் வைத்துவிட்டார், நானும் போய்ப் பார்க்கவில்லை, அது என் பிழை. முதல் மாரியில் பின்னால் இருந்த ஒழுங்கை முழங்கால் தண்ணீர். ஒரு அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, மற்றக் கையில் பேரனின் சப்பாத்தையும் புத்தகப் பையையும் கொண்டு, காலால் தடவித் தடவி நடந்து வந்தார். நானும் இரண்டு பொடியன்களும் அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டுபோய்க் குழாயின் வாயைத் தோண்டினோம். தேங்காய்ப் பொச்சு, பனைமட்டை ஒன்று, அதைச் சுற்றிச் சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் சீற், கட்டுவேலையில் மிஞ்சிய சீமெந்துப் பை. பையை இழுத்தவுடன் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. அன்றிலிருந்து வாசல் கான் போடும் நாளில் நானே போய் நிற்கிறேன்.

ஆகவே: தண்ணீர் வரும் பக்கத்தில், உங்களுக்கு மேலே உள்ள மதகின் அளவைப் பாருங்கள், உங்கள் குழாய் அதைவிடச் சிறிதாக இருக்கவே கூடாது. கானின் அடிமட்டத்தை உயர்த்தாதீர்கள். வாசல் அகலத்துக்கு மட்டும் மூடுங்கள், முழு முகப்பையும் மூடாதீர்கள். கையால் தூக்கக்கூடிய சிலாப்பாக, கொழுவிப் பிடிக்க இரும்புக் கண் வைத்துப் போடுங்கள். முடிந்தால் குழாயை விடத் திறந்த கானும் சிலாப்புமே நல்லது, துப்புரவாக்கலாம்.

காணி பள்ளம். கிரவல் கொட்டி வீதியை விட உயர்த்தலாமா?

முதலில், அது வயல்காணியா என்று பாருங்கள். வயலாக இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நிரப்புவது குற்றம். பலர் ஒரு வெள்ளி இரவில் டிப்பரைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, திங்கள் காலை மேட்டுக்காணி என்று படம் வரையக் கேட்பார்கள். நான் வரைந்து கொடுப்பதில்லை.

மேட்டுக்காணி என்றாலும் நிரப்பும் மட்டத்தைப் படத்தில் காட்டச் சொல்வார்கள், காட்டத்தான் வேண்டும். நீங்கள் மூன்று அடி உயர்த்தினால், முன்பு உங்கள் காணிக்குள் தங்கிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அல்லது வீதியில் நிற்கும். தார் வீதியின் கீழ்ப்படையில் தண்ணீர் ஊறினால் இரண்டு மாரியில் குழி விழும், அதைத்தான் பிறகு எல்லோரும் வீதி சரியில்லை என்று சொல்கிறோம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் கிடந்தது நினைவிருக்கும். பெருவெள்ளத்தைக் கடைக்காரர் ஒருவர் தடுக்க முடியாது, சரி. ஆனால் வடியும் வழியை அடைத்தால் ஒரு நாளில் வடிய வேண்டியது ஒரு வாரம் நிற்கும்.

இன்னொரு விசயம் இரணைமட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு. வயலுக்குப் போகும் நீர்ப்பாசன வாய்க்கால் வேறு, கழிவு வாய்க்கால் வேறு. உங்கள் முற்றத்துத் தண்ணீரை, அதுவும் கராச்சின் எண்ணெய்த் தண்ணீரை, பாசன வாய்க்காலில் விடாதீர்கள். அது யாரோ ஒருவருடைய நெல்லுக்குப் போகிறது.

நடைபாதை நான் போட்டுக்கொடுக்க வேண்டுமா?

வீதியோரம் முழுக்கக் கல் பதித்துத் தாருங்கள் என்று பொதுவாகக் கேட்கமாட்டார்கள். பெரிய கட்டடம் என்றால் நிபந்தனையாக வரலாம். கட்டாயமானது, இருக்கும் ஓரத்தை அழிக்காமல் விடுவது. சாய்வுப்படியை வீதியோரம் வரை நீட்டாதீர்கள், பெயர்ப்பலகைத் தூணை ஓரத்தில் நடாதீர்கள், விற்கும் சாமானை அடுக்காதீர்கள்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. போரில் கால் இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், ஊன்றுகோலோடு நடப்பவர்கள் வன்னியில் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். 2006இல் வந்த மாற்றுத்திறனாளிகளின் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களுக்குப் பொருந்தும். கடை வாசலில் ஓரடி உயரம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு வேண்டும், அந்தக் கணக்கில் வையுங்கள். அந்த நீளத்துக்கு இடம் உங்கள் காணிக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆகவே முதல் படத்திலேயே காட்டுங்கள். சிலாப்புகளுக்கு இடையில் இரண்டு அங்குல வெளி விட்டால் ஊன்றுகோல் அதற்குள் இறங்கும். அதையும் மேசனிடம் சொல்லுங்கள்.

வாகனத் தரிப்பிடம்?

காணிக்குள் காட்ட வேண்டும். எத்தனை வாகனம் என்பது கட்டடத்தின் பாவனையையும் பரப்பையும் பொறுத்தது. காட்ட முடியாத தரிப்பிடத்துக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் கட்டும் வழி ஒழுங்குவிதிகளில் இருக்கிறது, ஆனால் அதைக் கட்டியதால் வீதியோரம் உங்களுடையதாகாது. கலியாண மண்டபம் போடுகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும், முகூர்த்த நாளில் ஏ9இன் இரண்டு பக்கமும் வான் நின்றால் நடுவால் கொழும்பு பஸ் வருகிறது.

ஒழுங்கைக்குள் கோடவுன் போடுகிறேன். லொறி வந்து ஒழுங்கை உடைந்தால்?

சபை ஒழுங்கைகள் பல கிரவல் வீதிகள், உழவு இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போட்டவை. சபை உங்களிடம் ஒழுங்கையை அகலிக்க முன்பக்கத்தில் நிலம் விடச் சொல்லலாம், மூலையை வெட்டிவிடச் சொல்லலாம். இரண்டுக்கும் மறுப்புச் சொல்லாதீர்கள், மூலை வெட்டாவிட்டால் நீள லொறி திரும்பாது, பக்கத்து வேலிதான் போகும். ஒழுங்கை தனியார் வழி என்றால் இன்னும் கவனம். வழி உரிமை உறுதியில் என்ன அகலத்துக்கு எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு, பத்தடி வழியில் லொறி விட அயலவர் சம்மதிக்க வேண்டியதில்லை.

தண்ணீர் இணைப்புக்கோ வேறெதற்கோ வீதியை வெட்டுவதானால் முன்அனுமதி வாங்கி, திருத்தும் செலவைக் கட்ட வேண்டும். வெட்டிய இடத்தை மண்ணால் மூடிவிட்டுப் போவதைத் திருத்தம் என்று சொல்ல முடியாது.

காணியைத் துண்டுபோட்டுக் கடைத்துண்டாக விற்கப் போகிறேன்.

அப்போது நீங்கள் கட்டடக்காரர் மட்டும் இல்லை, வீதி போடுகிறவரும் கூட. துண்டாடலுக்குத் தனி அனுமதி உண்டு. உள்வீதி அளவைப்படத்தில் தனித் துண்டாக வர வேண்டும், கான் எங்கே போய்ச் சேர்கிறது என்று காட்ட வேண்டும். ஒரு ஹெக்டயருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் என்றால், பத்து வீதத்துக்குக் குறையாமல் பொதுத் தேவைக்கு விடவும் வேண்டும். வீதிக்குப் போகும் நிலம் அதற்குள் சேராது.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: வீதியும் கானும் தரையில் போட்டு முடியாமல் முழுக்காசையும் கொடுக்காதீர்கள். படத்தில் அழகான வீதி இருக்கும், போய்ப் பார்த்தால் பற்றையாக இருக்கும். சபை பொறுப்பெடுக்காத வீதிக்குச் சபை விளக்கும் போடாது, கிரவலும் போடாது.

என்னுடையது பெர்மிட் காணி, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்தது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பயிர்ச்செய்கைக்கோ குடியிருப்புக்கோ கொடுத்த காணியில் கடை போடுவது பெர்மிட் நிபந்தனைக்கு மாறானது. முதலில் பிரதேச செயலகம், பிறகுதான் சபை. வர்த்தகத்துக்கு நீண்டகாலக் குத்தகை கேட்கும் வழி இருக்கிறது. வீதி ஒதுக்கீட்டுக்குள் வரும் பகுதியைக் குத்தகையில் சேர்க்கமாட்டார்கள், அதனால் கொட்டில் போட்டு வைத்திருந்தாலும் அதை நம்பிப் படம் வரைய வேண்டாம்.

வாசலுக்கு நேரே மரமும் மின்கம்பமும் நிற்கின்றன.

கம்பத்தை மாற்ற மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, செலவை நீங்கள் கட்ட வேண்டும். வீதியோர மரம் வீதிக்காரருடையது, தறிக்க முடியாது. காணிக்குள் நின்றாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி தேவை. கேட்பதற்கு முன் வாசலைப் பத்தடி தள்ளி வரைய முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும், வெயில் ஊரில் ஒரு மருதமரத்தின் நிழலுக்கு வாடிக்கையாளர் தானாக வருவார்.

இதையெல்லாம் செய்யாமல் கடையைத் திறந்தால் என்ன?

கட்டி முடிந்ததும் படத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்று இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும், பலரும் சீஓசி என்பார்கள். அது இல்லாமல் கட்டடத்தைப் பாவிப்பது சட்டத்துக்கு மாறானது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து கானையும் வாசலையும் முன்எல்லையையும் பார்ப்பார். வங்கிக் கடனுக்குப் போகும்போது, விற்கும்போது, மேல்மாடி கட்டும்போது சான்றிதழ் கேட்பார்கள். அந்த நேரத்தில் கொங்கிரீட் உடைத்துக் கானைத் திருத்துவதை விட முதலிலேயே ஒழுங்காகப் போடுவது மலிவு.

நான் கடைக்காரர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். என் வளவுக்குள் தண்ணீர் வருகிறது.

முதலில் போய்க் கதையுங்கள், பாதிக்குப் பாதி அங்கேயே தீரும். தீராவிட்டால் தண்ணீர் நிற்கும்போது திகதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, சபைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் எழுத்தில் கொடுங்கள், வீதி ஏ அல்லது பி தரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு பிரதி. அனுமதியில் வடிகால் பற்றி என்ன நிபந்தனை போட்டார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அந்தக் கடிதம் கையில் இருந்தால் வாக்குவாதம் தேவையில்லை, படத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடை கட்டிப் பத்து வருடம். அப்போது இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. இப்போது என்ன செய்வது?

புரட்டாசியில், மழைக்கு முன், வாசல் சிலாப்பைத் தூக்கிப் பாருங்கள். மண் நிறைந்திருந்தால் அள்ளுங்கள். அள்ளிய மண்ணைக் கானோரத்தில் குவிக்காதீர்கள், முதல் மழையில் திரும்ப உள்ளே போகும். குழாய் சிறிது என்றால் மேல்பக்கத்துக் கடைக்காரரையும் கீழ்ப்பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சேர்ந்து சபைக்கு எழுதுங்கள், ஒருவர் மட்டும் பெருப்பித்துப் பயனில்லை. மூன்று பேர் சேர்ந்தால் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) ஒரு நாள் வாடகைதான்.